அறுபத்துநாலு மிதி

என் அண்ணன் தீர்த்தகிரிக்குச் சேலம் அம்மாபேட்டையில் இரண்டு பெயர் இருந்தது. முதலில் பட்டாளத்துத் தீர்த்தகிரி என்றார்கள். அது ஒன்பது வருடம் ஓடியது. பிறகு சாவுக்கொம்பு என்றார்கள். அது அவர் கண்ணை மூடும்வரை இருந்தது. அவர் போய் மூன்று வருடமாகிறது. இந்தத் தெருவில் அவரைப் பற்றி எழுத வேறு யாரும் இல்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

நெசவுதான் எங்கள் தொழில். முந்தின யுத்தத்தின்போது அண்ணனுக்குப் பதினேழு வயது. வீட்டில் சொல்லாமல் பெங்களூர் தண்டுக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். துப்பாக்கி தூக்க மார்பளவு போதாது என்று பேண்டில் போட்டார்கள். அங்கே கார்னெட் கொடுத்தார்கள். இரண்டு கைக்குள் அடங்குகிற பித்தளைக் குழல் அது. மேலே மூன்று பொத்தான்கள். உதட்டை இறுக்கி அதன் வாயில் வைத்து அழுத்தினால்தான் சத்தம் பிறக்கும். அந்த அழுத்தத்தை முன்பற்கள் தாங்க வேண்டும்.

1923-ல் அந்தப் பட்டாளத்தைக் கலைத்து எல்லோரையும் ஊருக்கு அனுப்பினார்கள். அண்ணன் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். அம்மா அவசரமாகப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். இரண்டு காக்கி நிஜார், கார்னெட், மெழுகுத்துணியில் சுற்றிய ஒரு காகிதக் கட்டு.

"ஏழு வருசத்துக்கு இதுதானா?" என்றாள் அம்மா.

"அந்தக் கட்டை மட்டும் பாத்துத் தொடும்மா," என்றார் அண்ணன்.

அந்தக் காகிதங்களில் எழுத்தே இல்லை. ஐந்தைந்து கோடுகளும் அவற்றின் மேல் புள்ளிகளும்தான். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எனக்கு விளங்காதது ஆச்சரியமில்லை. அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பட்டாளத்தின் பேண்டு மாஸ்டர் டிசில்வா என்கிற கோவாக்காரர், அண்ணன் ஊதுவதற்கென்றே இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதிய சங்கீதம் அது. ஒரே ஒரு கார்னெட் முன்னால் நிற்கும். மற்ற பேண்டு முழுவதும் பின்னால் நிற்கும். முன்னால் நிற்பவன் ஒன்று கேட்பான், பின்னால் நிற்பவர்கள் பதில் சொல்வார்கள், சில இடத்தில் மறுத்துப் பேசுவார்கள். மூன்று பாகம். கால்மணி நேரம். அதை வாசித்துப் பார்ப்பதற்குள் பட்டாளம் கலைந்துவிட்டது. மாஸ்டர் கட்டையும் கார்னெட்டையும் அண்ணன் கையில் கொடுத்து, "நாலு பேர் நடுவில் ஒரு தடவை முழுக்க வாசித்துவிடு," என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினார். அடுத்த வருடமே இறந்துபோனதாகக் கடிதம் வந்தது.

அதற்குப் பிறகு அண்ணனுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. கல்யாணம் செய்துவைத்தோம். பெரியநாயகி அண்ணி வந்தாள். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். தறியும் போட்டார். எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தார். ஆனால் எதிலும் அவர் பாதிதான் இருந்தார்.

தெருவில் ஆறு பேரைச் சேர்த்து ஒரு பேண்டு செட்டு அமைத்தார். கலைந்துபோன ஒரு ஜமீன் பேண்டின் வாத்தியங்கள் கிடைத்தன. என் வீட்டுக்காரர் செங்கோடன் பெரிய டிரம் தட்டினார். எதிர்வீட்டு வெள்ளியங்கிரி கிளாரினெட் ஊதினார். எல்லோரும் தறிக்காரர்கள். பகலில் தறி. பொழுது சாய்வதற்கு முன்னால் பாவடியில் ஒத்திகை. தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடுகிற இடத்தைத்தான் பாவடி என்போம். கல்யாணங்களில் வாசிக்கிற சின்னச் சின்ன உருப்படிகளை மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டார்கள். மாஸ்டர் எழுதியதைப் பெரிய உருப்படி என்றார்கள். அதுதான் வருடக்கணக்காக இழுத்தது. அண்ணன் காகிதத்தைப் பார்த்து ஒவ்வொருவர் பங்கையும் வாயால் பாடிக் காட்டுவார். அவர்கள் கேட்டு மனப்பாடம் செய்வார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து தறிக்கு நூலைத் தார் சுற்றிக்கொண்டு கேட்பேன்.

ஊதுவது அவர்களுக்குக் கஷ்டமாக இல்லை. சும்மா இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டாம் பாகம் மெதுவாகப் போவது. அதன் நடுவில் பேண்டு முழுவதும் நின்றுவிட வேண்டும். கார்னெட் மட்டும் தனியாகப் போகும்.

"எவ்வளவு நேரமுங்க மச்சான் சும்மா நிக்கறது?" என்றார் வெள்ளியங்கிரி.

"மூணு நிமிசத்துக்கு மேல."

"கல்யாணத்துக்குக் கூப்பிட்டவன் பாத்தான்னா, ஏழு பேருக்குச் சோறு போட்டேன், ஒருத்தன்தான் ஊதறான், மத்தவனெல்லாம் வாயைப் பாத்துட்டு நிக்கறானேன்னு இலையப் புடுங்கிருவான்."

"சும்மா நிக்கறதுக்கு நீ ஊதறதே மேலுன்னு அவன் சொல்லோணுமே," என்றார் என் வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை.

அவர்களுக்கு நிமிடக் கணக்கு ஒத்துவரவில்லை. ஒருவர் முன்னால் நுழைவார், ஒருவர் பின்னால் வருவார். கடைசியில் அண்ணனே ஒரு வழி கண்டார். குழித்தறியில் இருக்கிறவனுக்கு வலது கால், இடது கால் என்று மிதிப்பது தூக்கத்திலும் தப்பாது. அதே நிதானத்தில் மண்ணில் மிதித்துக்கொண்டே எண்ணச் சொன்னார். வலதும் இடதும் சேர்ந்தால் ஒரு மிதி. சரியாக அறுபத்துநாலு மிதி. அறுபத்துநாலில் டிரம் ஒரே ஒரு தட்டு. உடனே கிளாரினெட்டுகள் மெல்ல உள்ளே வர வேண்டும். அதற்குள் இடி விழுந்தாலும் யாரும் வாத்தியத்தைத் தொடக் கூடாது. இதைப் பிடித்துக்கொண்டபின் ஒருவரும் தப்பவில்லை. பாவடியில் ஆறு பேர் கண்ணை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல், இல்லாத தறியை மிதித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து முதலில் தெருவே சிரித்தது. பிறகு பழகிவிட்டது. அண்ணனின் தனிக் குரலும் பழகிவிட்டது.

1932 தை மாதத்தில் ராசிபுரத்துக்குத் தெற்கே ஒரு ஊரில் பெரிய விவசாயக் குடும்பத்தில் கல்யாணம். கூறைப்புடவை நெய்து கொடுத்தது எங்கள் தறி. அதனால் பேண்டோடு என்னையும் அண்ணியையும் அழைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா தாராளமான மனிதர். காலையில் பந்தலுக்கு வந்து, "முகூர்த்தத்துக்கு இன்னும் நேரங் கெடக்குது. உங்க பட்டாளத்துப் பாட்டுன்னு என்னமோ இருக்குதாமே, அதைப் போடுங்க," என்றார்.

"கால்மணி நேரம் ஆகுமுங்க. நடுவுல நிறுத்தப்படாதுங்க," என்றார் அண்ணன்.

"அரைமணி கூட ஊதுங்க சாமி. யாரு வேண்டாங்கறா?"

நான் உள்ளே பெண்கள் நடுவில் இருந்தேன். முதல் பாகம் பந்தலைத் தூக்கியது. பிள்ளைகள் குதித்தார்கள். பூத்தொடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி, "வெள்ளைக்காரன் கல்யாணமாட்டம் இருக்குது," என்றாள். அண்ணி என் கையைக் கிள்ளினாள். அவளுக்கும் சந்தோஷம்தான்.

பிறகு மெதுவான பாகம் வந்தது. பேண்டு நின்றது. கார்னெட் மட்டும் நீளமாகப் போனது.

அந்தப் பக்கத்தில் சாவு விழுந்தால் முதலில் ஒற்றைக் கொம்பு ஊதுவார்கள். மேளம் பிறகுதான் வரும். ஊர்க்கோடியில் ஒருவன் நின்று, பித்தளைக் கொம்பை மேலே தூக்கி, இழுத்து ஊதுவான். அதைக் கேட்டதும் அவரவர் வேலையை விட்டுவிட்டு யார் என்று கேட்டு வெளியே வருவார்கள். இது எங்களுக்குத் தெரியாததா? எங்கள் பக்கத்திலும் அதே வழக்கம்தான். ஆனால் ஒன்பது வருடம் பாவடியில் கேட்டுக் கேட்டு எங்கள் காதுக்கு அது அண்ணனின் கார்னெட் என்று மட்டுமே ஆகியிருந்தது. ஏழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

பூத்தொடுத்தவளின் கை நின்றது. "யாருங்க? எந்த ஊட்டுல?" என்றாள். அடுப்படியிலிருந்து இரண்டு பேர் கரண்டியோடு ஓடிவந்தார்கள். பெண்ணின் பெரியப்பா ஆறு மாதமாகப் பின்கட்டில் படுக்கையில் கிடந்தார். "ஐயோ, பெரியவரு போயிட்டாரா!" என்று ஒருத்தி வாயில் அடித்துக்கொண்டாள். தலை பின்னிக்கொண்டிருந்த மணப்பெண் பாதிப் பின்னலோடு எழுந்து, "பெரியப்பா!" என்று அலறிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். அவள் பின்னால் எல்லோரும் ஓடினார்கள். அழுகுரல் கேட்டு அந்தப் பெரியவரே கட்டிலில் தலையைத் தூக்கி, "யாரு போனது?" என்று கேட்டார்.

வெளியே ஆண்களுக்கு அதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. பந்தல் மூங்கில் இடுக்கு வழியாகப் பார்த்தேன். நாலைந்து பேர் அண்ணனை நோக்கிப் போனார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தார். ஆறு பேரின் கால்களும் மிதித்துக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் மட்டும் கண்ணைத் திறந்தார். வருகிறவர்களைப் பார்த்தார். பயத்தில் டிரம்மைத் தட்டிவிட்டார். கிளாரினெட்டுகள் குழம்பி உள்ளே நுழைந்தன. எல்லாம் கலைந்தது.

அண்ணன் கார்னெட்டை இறக்கினார். "முப்பத்தெட்டுல தட்டிட்டியே மாப்பிள்ளை," என்றார்.

"மச்சான், அடிக்க வாராங்க."

"அறுபத்துநாலு எங்கே?"

யாரும் அடிக்கவில்லை. பெண்ணின் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "கல்யாணப் பந்தல்ல சாவுக்கொம்பு ஊதிட்டீங்களே சாமி. உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்? போயிருங்க," என்றார். ஒரு கிழவி சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து, அண்ணன் நின்ற இடத்தில் தெளித்தாள். அவர் இன்னும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். காக்கி நிஜார் முழுவதும் மஞ்சளானது.

பெரியவர் ஒன்பதாம் நாள் இறந்துபோனார். ஆறு மாதமாகப் படுக்கையில் இருந்தவர் என்று யாரும் சொல்லவில்லை. பேண்டுக்காரன் ஊதினான், ஒன்பதே நாள் என்றுதான் சொன்னார்கள். அந்த வருடத்தோடு கல்யாண அழைப்பு நின்றது. சாவுக்குத்தான் கூப்பிட்டார்கள். பேண்டில் யாருக்கும் விருப்பமில்லை. ஆனால் அண்ணன் போகலாம் என்றார்.

"கல்யாணத்துல ஒத்தக் கொம்பு ஆகாதுன்னா, சாவுல ஆகுமில்ல?" என்றார் என் வீட்டுக்காரரிடம். அதைக் கேட்டபோதுதான் அவர் பெரிய உருப்படியை இன்னும் விடவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

நாமக்கல் பக்கம் ஒரு வயதான மிராசுதார் இறந்துபோனார். கூட்டம் நிறைய. பிணம் எடுக்க நேரம் இருந்தது. அண்ணன் முதல் பாகத்தைக்கூட ஆரம்பிக்கவில்லை. அதற்குள் அவர் தனியாக ஊதப்போவதைக் கேள்விப்பட்டு, அந்த ஊர்க் கொம்புக்காரர் கந்தன் வந்து எதிரில் நின்றார். அண்ணனைவிட மூத்தவர். கொம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு பணிவாகப் பேசினார்.

"சாமி, எல்லாரும் சேந்து ஊதுங்க. நான் ஒண்ணும் சொல்லலீங்க. தனியா ஊதறது எங்க பாத்தியம். எங்கப்பன், பாட்டன் காலத்துல இருந்து இந்த ஊர்ப் பொணத்துக்கு நாங்கதான் ஊதறோம். அதையும் நீங்க எடுத்துக்கிட்டா எனக்கு இந்த ஊர்ல வேற என்னங்க இருக்குது?"

அண்ணன் நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னார். மாஸ்டர், காகிதம், மூன்று நிமிடம் எல்லாம். கந்தன் பொறுமையாகக் கேட்டார். எங்கே, கொஞ்சம் ஊதிக் காட்டுங்கள் என்றார். இருவரும் வைக்கோல் போருக்குப் பின்னால் போனார்களாம்; அங்கே அண்ணன் மெதுவாக ஊதிக் காட்டினாராம்.

"நல்லாத்தான் பேசுது. ஆனா செத்தவனுக்கு இது வெளங்காதுங்க. இருக்கறவன் நின்னு கேக்கோணும்," என்றாராம் கந்தன்.

"நீங்க சொல்றது நியாயந்தான்," என்று சொல்லிவிட்டு வந்தார் அண்ணன். போன ஊரிலெல்லாம் ஒரு கந்தன் இருந்தார். அதற்குப் பிறகு அண்ணன் கேட்கவே இல்லை.

எட்டு வருடம் அப்படிப் போனது. ஊதி ஊதியோ, தறிமேட்டுப் புகையிலைப் பழக்கத்தாலோ, அவருடைய மேல் முன்பற்கள் இரண்டும் ஆட ஆரம்பித்தன. உச்சத்தில் போகிற இடங்களில் குரல் கிழிந்தது. ஊதிவிட்டுத் துப்பினால் ரத்தம் வந்தது. பெரியநாயகி அண்ணி அவர் தலையைத் தன் மடியில் சாய்த்து, ஆடுகிற பற்களைப் பக்கத்துப் பல்லோடு பட்டு இழையால் கட்டிவிடுவாள். அறுந்த பாவு இழையைப் பிணைக்கிற அதே முடிச்சு.

"ஏனுங்க, என் கழுத்துல நீங்க போட்டது மூணு முடிச்சு. உங்க வாயில நான் போட்டது முந்நூறு ஆச்சு," என்பாள்.

"பேசாம கட்டு," என்பார், வாயைத் திறந்தபடியே.

1941 மாசி மாதத்தில், யுத்த நிதிக்காகச் சேலத்தில் ஒரு கண்காட்சி போட்டார்கள். ஏற்பாடு செய்தவர்களில் ஒரு அதிகாரி பெங்களூர் தண்டில் இருந்தவர். பழைய பட்டாளத்துக் கார்னெட்காரர் அம்மாபேட்டையில் இருக்கிறார் என்று யாரோ சொல்லி, ஆள் அனுப்பினார். சாயங்காலம் நாலு மணிக்கு, நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பார்கள், கால்மணி நேரம் வாசிக்கலாம் என்று சொல்லி அனுப்பினார். அண்ணன் அதை மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார்.

"உக்காந்து கேப்பாங்களா?"

"ஆமாங்க, நாற்காலியில."

"நடுவுல நிறுத்தச் சொல்ல மாட்டாங்களே?"

"மாட்டாங்க."

ஆறு பேரும் திரும்பவும் பாவடியில் கூடினார்கள். ஒரு மாதம் ஒத்திகை நடந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் தனியாக வீட்டிலும் மிதித்து எண்ணுவார். அந்த முப்பத்தெட்டு அவர் மனதில் கிடந்து அரித்துக்கொண்டிருந்தது. "இந்தத் தடவை என் தலையை வெட்டினாலும் அறுபத்துநாலுலதான் தட்டுவேன்," என்று என்னிடம் சொன்னார். மற்றவர்களிடமும் சொன்னார். அவர்களும் அப்படியே என்றார்கள். அன்று காலையில் அண்ணி புது இழை எடுத்துப் பற்களை இரண்டு சுற்றுக் கட்டிவிட்டாள்.

மைதானத்தில் பெண்களுக்குத் தனியாகத் தட்டி கட்டியிருந்தார்கள். நானும் அண்ணியும் முன்னால் நின்றோம். நாற்காலிகளில் துரைமார்கள், துரைசானிகள், வக்கீல்கள், மில்காரர்கள். பின்னால் கயிற்றுக்கு அப்பால் ஜனம். அண்ணன் ஆறு பேருக்கும் முன்னால் ஓர் அடி தள்ளி நின்றார். காகிதம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

முதல் பாகத்தை அவர் ஊதியதுபோல நான் கேட்டதே இல்லை. அவர் கேட்டார், அவர்கள் பதில் சொன்னார்கள். ஒரு துரைசானி விசிறியை மடக்கி மடியில் வைத்தாள். அண்ணி, "ஆத்தா, ஆத்தா," என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மெதுவான பாகம் தொடங்கியது. பேண்டு நின்றது. ஆறு பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். கால்கள் மிதிக்க ஆரம்பித்தன. நானும் மண்ணில் மிதித்துக்கொண்டு எண்ணினேன். இருபது. இருபத்தொன்று. கார்னெட் மேலே ஏறிக்கொண்டிருந்தது. இருபத்துமூன்றில் வெறும் காற்று வந்தது.

அண்ணன் வாயிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். காற்றுதான் வந்தது. கையை வாயிடம் கொண்டுபோனார். பல் ஒன்று இழையோடு உள்ளங்கையில் வந்தது. அதைப் பார்த்தார். பிறகு நிஜார்ப் பையில் போட்டுக்கொண்டார்.

பின்னால் நின்ற ஆறு பேரும் கண்ணைத் திறக்கவில்லை. சத்தம் நின்றது அவர்களுக்குக் கேட்டிருக்கும். ஆனால் ஒருவரும் வாத்தியத்தைத் தொடவில்லை. மிதித்துக்கொண்டே இருந்தார்கள். நாற்பது மிதிக்கு மேல் மைதானத்தில் சத்தமே இல்லை. மண்ணில் பன்னிரண்டு கால்கள் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. நாற்காலிகளில் தலை திரும்பியது. யாரோ இருமினார்கள். பின்னால் ஒருவன், "மறந்துட்டாங்கடோய்!" என்று கத்தினான். ஜனம் சிரித்தது.

அறுபத்துநாலில் என் வீட்டுக்காரர் ஒரே ஒரு தட்டுத் தட்டினார். கிளாரினெட்டுகள் இம்மி பிசகாமல் மெல்ல உள்ளே வந்தன.

அண்ணன் திரும்பி அவர்களைப் பார்த்தார். நிறுத்தச் சொல்லிக் கை காட்டுவார் என்று நினைத்தேன். அவர் காட்டவில்லை. அவர்களும் நிறுத்தவில்லை. மூன்றாம் பாகம் போனது. கேட்க வேண்டியவன் கேட்கவில்லை, பதில் மட்டும் வந்தது. பதிலுக்கும் பதிலுக்கும் நடுவில் அவர் ஊத வேண்டிய இடமெல்லாம் வெறுமையாகக் கிடந்தது. ஒரு பதில், ஒரு பள்ளம், ஒரு பதில். அண்ணன் கார்னெட்டை இடுப்பருகே தாழ்த்திப் பிடித்திருந்தார். அவருடைய இடம் வரும்போதெல்லாம் விரல்கள் மூன்று பொத்தான்களையும் அழுத்தி அழுத்தி எடுத்தன.

கடைசித் தட்டு விழுந்தது. அந்தத் துரைசானி கை தட்டினாள். அதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். வேறொரு அதிகாரி மாலையோடு வந்தார். கடைசித் தட்டுத் தட்டியவர்தான் தலைவர் என்று நினைத்து என் வீட்டுக்காரர் கழுத்தில் போட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் அழுதுகொண்டே வந்தார். வெள்ளியங்கிரி அண்ணனுக்குப் பக்கத்தில் வந்து, "எப்படியோ முழுசா முடிச்சிட்டமுங்க மச்சான்," என்றார்.

"நீங்க முடிச்சீங்க," என்றார் அண்ணன். கோபமாகச் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் தறிக் குழியில் இறங்கி உட்கார்ந்தார். அண்ணி கூழ் கொண்டுவந்து வைத்தாள். இன்னொரு பல்லும் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டு இழையை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "வாயத் தொறங்க, கட்டிடறேன்," என்றாள்.

"வேண்டாம். புடுங்கிரு," என்றார்.